காதோரத்தில் ஒரு ஈர்க்கு

பெரியகல்லாறு
04.05.2024

இன்ஷிரா,

இந்த முகவரியை உன் ராத்தா அஸீமாவிடம் வாங்கினேன். காத்தான்குடியில் அவருடைய துணிக்கடைக்குப் போய், தேவையில்லாத ஒரு தலையணை உறையை வாங்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் கேட்கத் துணிவு வந்தது. போன் நம்பரும் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். போனில் உன் குரலைக் கேட்டால் ஒன்றில் சண்டை பிடிப்பேன், இல்லாவிட்டால் பேசாமல் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் எழுதித்தானே முடிக்க வேண்டும்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போன செப்டெம்பரில் செத்துப்போனார். அஸீமா ராத்தா உனக்குச் சொல்லியிருப்பார். நீ ஒரு சொல்கூட எழுதவில்லை. அதைக் கேட்க இப்போது வரவில்லை.

திதிப்படி வருகிற ஓகஸ்ட் இருபத்தெட்டில் ஆட்டைத் திவசம். ஒரு வருடம் முடிகிறது. வீட்டில் மாட்டுவதற்கு அம்மாவின் படம் ஒன்று வேண்டும். அம்மா படத்துக்கு நிற்கமாட்டார் என்று உனக்குத் தெரியும். போனைத் தூக்கினால் எழும்பிப் போய்விடுவார், அல்லது கையால் மறைப்பார். என் போனில் பதினோராயிரம் படம் கிடக்கிறது. அதில் அம்மா முப்பத்தேழு படத்தில் இருக்கிறார். முப்பத்தேழிலும் உள்ளங்கை, முதுகு, கதவுக்குள் மறைகிற சேலை. ஒழுங்கான முகம் அடையாள அட்டையில் மட்டும்தான். அதுவும் இருபது வருடப் பழசு.

தம்பி நிலோஜன் அந்த அட்டையைக் கொண்டுபோய் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தான். அவர்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும்தானே. தலையை மட்டும் வெட்டி, யாரோ ஒருத்தியின் உடம்பில் ஒட்டி, பட்டுச்சேலை உடுத்தி, கழுத்து நிறைய நகை போட்டு, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியும் வைத்துத் தந்தார்கள். தோலையும் வெளுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் சுவரில் இருக்கிறார்கள், ஒருவரும் குறை சொல்வதில்லை. அப்பா பார்த்துவிட்டு, "இது ஆர்?" என்று கேட்டார்.

"அம்மாதானப்பா" என்றான் தம்பி.

"எனக்கு இவவத் தெரியா" என்றுவிட்டு அப்பா ஆற்றுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தப் படம் இருக்கிற அறைக்குள் வருவதில்லை. சோற்றையும் முற்றத்தில் இருந்துதான் தின்கிறார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "நீ பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறது கீறத்தானே புள்ள. கொம்மாவக் கீறித் தா" என்றார்.

மூன்று கிழமையாகப் படம் கீறுகிறேன். கண் கீறினால் கண் வருகிறது, மூக்குக் கீறினால் மூக்கு வருகிறது. அம்மா வரமாட்டேன் என்கிறார். எனக்கு எதையும் பார்த்துத்தான் கீறத் தெரியும் என்பது முப்பது வயதில் இப்படித் தெரியவர வேண்டியிருக்கிறது.

நீ முன்பு ஒருக்கால் அம்மாவைக் கீறினாய். அதை நான் கிழித்தேன். திரும்பக் கீறித் தருவாயா?

கஜானி


தோஹா
23.05.2024

கஜானிக்கு,

மாமி இறந்த செய்தி வந்த அன்றே எழுதத் தொடங்கினேன். "மாமி" என்று எழுதிவிட்டு அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாள் வீணானது. பிறகு ஒரு மாதம் போனது. ஒரு மாதம் பிந்திய பிறகு எழுத வெட்கமாக இருந்தது. அது என் பிழை, மன்னித்துக்கொள்.

படம் என்னால் முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கோபத்திலும்தான்.

நீ கிழித்தது தாளை மட்டும் இல்லை. எங்கள் ஓவியப் படிப்பின் கடைசி வருடக் கண்காட்சியில், மண்டபம் நிறைய ஆட்கள் நிற்க, "உங்கட ஆக்களுக்கு மனிசர்ர முகமே ஆகாதா?" என்று கேட்டாய். அது 2019 ஓகஸ்ட். சித்திரையில் தேவாலயங்களில் குண்டு வெடித்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. பஸ்ஸில் நான் ஏறினால் என் பக்கத்து இருக்கை மட்டக்களப்பு வரைக்கும் வெறுமையாக வரும். கடையில் என் பையைத் தடவிப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் "உங்கட ஆக்கள்" என்று நீ சொன்னாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்காத மாதிரிப் போயிருப்பேன். எனக்கு அது பழகியிருந்தது. உன் வாயில் அது இருக்கும் என்று மட்டும் நான் நினைத்திருக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு பென்சில் தொடவில்லை. அடுத்த வருடம் இஷாமைக் கல்யாணம் முடித்து இங்கே வந்துவிட்டேன். பதின்மூன்றாம் மாடியில் ஒரு வீடு, இரண்டு அறை, ஒரு ஜன்னல். கைக்கு எல்லாம் மறந்துபோச்சு. வேறு யாரையாவது கேட்டுப் பார்.

இங்கே வேலை செய்கிற எங்கள் ஊர் மின்ஹாஜ் காக்கா வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறார், அவருடைய பையில் இதைப் போடுகிறேன். அதற்கிடையில் மனம் மாறினால் திரும்ப எடுத்துவிடலாம். உன் கைக்கு வந்தால், மாறவில்லை என்று வைத்துக்கொள்.

இன்ஷிரா


பெரியகல்லாறு
05.06.2024

இன்ஷிரா,

வந்து சேர்ந்தது.

நான் அன்று சொன்னதை ஐந்து வருடமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அது பிழை. வாய்தவறி வந்தது என்று சொல்லித் தப்பமாட்டேன், உனக்கு நோக வேண்டும் என்றுதான் சொன்னேன். மன்னித்துவிடு. இந்த ஒரு பந்தியை எழுத எனக்கும் நான்கு தாள் போனது.

ஆனால் என் பக்கத்தையும் கேள். அன்று அம்மா பெட்டியில் மடித்திருந்த பச்சைச் சேலையை எடுத்து உடுத்து, என்னோடு பஸ் ஏறி வந்தார். தன் படம் கண்காட்சியில் தொங்குகிறது என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். வந்து பார்த்தால் முகம் இல்லை. தலையின் உச்சி, பின்கழுத்து, ஒரு காது, ஒரு தோள். மற்றதெல்லாம் குனிந்த இருட்டு. முகம் கீறினால் உன் உம்மா ஏசுவார் என்று நீ ஒருக்கால் சொல்லியிருந்தாய். உன் உம்மாவுக்குப் பயந்து என் அம்மாவின் முகத்தைக் களவெடுத்துவிட்டாய் என்று எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது.

 வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்த பிறகு அம்மா சொன்னார்: "என்னத்துக்கு மகள் அதக் கிழிச்ச? அது நான்தானே."

அப்போது அது எனக்கு விளங்கவில்லை. இப்போதும் முழுக்க விளங்கவில்லை.

கை மறந்தாலும் உன் பெட்டகம் எங்கே போகும்? கல்லடிப் பாலத்தில் நீ நின்ற நிலை எனக்கு அப்படியே ஞாபகம். ஒரு நிமிடம் ஆற்றைப் பார்ப்பாய். பிறகு ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கீறுவாய். தோணி எத்தனை, வலைக்கம்பு எத்தனை, எந்தக் கம்பில் நீர்க்காகம் செட்டை விரித்து நிற்கிறது, எல்லாம் வரும். பிழைத்த இடத்தை மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் முதுகைக் காட்டுவாய். நான் ஒரு செக்கனில் போனில் எடுத்துவிட்டு உன்னைப் பார்த்துச் சிரிப்பேன். "சிரி கா, சிரி. எல்லாம் பெட்டகத்துக்குள்ள போகுது. திறந்தா வரும்" என்பாய்.

என்னிடம் பதினோராயிரம் படம் இருக்கிறது. உன்னிடம் என் அம்மா இருக்கிறார். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன், வேறு யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

கஜானி


தோஹா
22.06.2024

கஜா,

"உன்னிடம் என் அம்மா இருக்கிறார்" என்று ஒரு மனிசி எழுதினால் மற்ற மனிசி என்ன செய்கிறது? நான் திறந்து பார்த்தேன்.

விடியற்காலை சுபஹ் தொழுகைக்குப் பிறகு இஷாம் எழும்புகிற வரைக்கும் எனக்கு ஒரு மணித்தியாலம் உண்டு. ஜன்னலுக்கு வெளியே கண்ணாடிக் கட்டடங்கள்தான். வெயில் ஏறத் தொடங்கினால் ஒரு கட்டடம் மற்றக் கட்டடத்தின் மேல் விழுந்து ஆடும். அந்த நேரத்தில் அவை கண்ணாடி இல்லை, நம் ஆறு. அதைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினால் கல்முனை பஸ்ஸிலிருந்து உங்கள் சந்தியில் இறங்குவேன். ஒரு பக்கம் கடல் இரைகிறது. நான் மற்றப் பக்கம் திரும்பி நடக்கிறேன். கவிழ்த்துப் போட்ட தோணி, ஒரு பக்கத்துக்கு மட்டும் நீலப் பெயின்ற். வலை காயப் போடுகிற கம்பி. முருங்கை. பிறகு பின்பக்கத்தால் சுற்றி அடுப்படி வாசல்.

நல்லா நடந்தேன் என்று நினைக்காதே. ஐந்து வருடம் திறக்காத பெட்டகம், சாமான் எல்லாம் கலைந்து கிடக்கிறது. முதல் நாள் முருங்கை மரம் ஆற்றுக்குள் நின்றது, இடுப்பளவு தண்ணீரில், பூவோடு. நான் அதைப் பிழை என்றுகூட நினைக்கவில்லை, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிப் போனேன். இரண்டாம் நாள் உங்கள் அடுப்படிக் கதவைத் திறந்தால் எங்கள் கட்டடத்து லிஃப்ட் இருந்தது, உள்ளே மாமியின் கோழி ஒன்று நின்றது. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ மாமியைக் கண்டேன். வாசற்படியில் பலகை போட்டுக் குனிந்திருந்தார், அந்தப் படத்தில் இருந்த மாதிரியே. கூரை ஓலையின் ஓட்டைகளால் வெயில் வட்டம் வட்டமாக அவருடைய முதுகில் விழுந்து, அவர் அசைய அசைய இடம் மாறியது. கிட்டப் போனேன். கலைந்துபோனார்.

ஆகவே கேள். நான் கீறித் தருவேன் என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் சாமானைச் சரியான இடத்தில் அடுக்க உன் உதவி வேண்டும். போனில் படம் எடுத்து அனுப்பாதே. அனுப்பினால் நான் அதைப் பார்த்துக் கீறிவிடுவேன், பிறகு எனக்கும் அந்த ஸ்டூடியோக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? நீயே போய்ப் பார்த்துவிட்டு, முதுகைக் காட்டி இருந்து, சொல்லால் எழுது.

மாமியின் பலகை எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது? எந்தக் காலை மடக்கிக்கொண்டு இருப்பார்? இறால் கிடக்கிற ஏனம் இடக்கைப் பக்கமா, வலக்கைப் பக்கமா? காலையில் வெளிச்சம் எந்தத் தோளில் விழும்?

தெரியாவிட்டால் அந்தப் பலகையில் போய் நீ இரு. சும்மா இருக்காதே, இறால் உரி.

இன்ஷி


பெரியகல்லாறு
06.07.2024

இன்ஷி,

நீ கேட்ட நான்கு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

போய் இருந்தேன். அப்பா பிடித்து வந்த இறாலை நானே உரிக்கிறேன் என்றதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தலையில் இருக்கிற கொம்பு பெருவிரலில் ஏறி, முதல் நாளே இரண்டு இடத்தில் ரத்தம். பள்ளியில் வெண்கட்டி பிடிக்க முடியவில்லை. இரண்டாவது கிழமைதான் கொம்பை எந்தப் பக்கம் சரித்துப் பிடிக்க வேண்டும் என்று விரலுக்கு விளங்கியது. எனக்கு விளங்கவில்லை, விரலுக்கு.

பலகை வலப்பக்கம்தான் தேய்ந்திருக்கிறது. ஆகவே வலக்காலைக் குத்தவைத்து இடக்காலை மடக்கியிருக்க வேண்டும். நான் முதலில் கால் மாறி இருந்தேன். முற்றத்தில் நின்ற அப்பா தன்பாட்டில், "அவ இடக்கால்தான் மடக்கிற" என்றார். மாற்றி இருந்து பார்த்தேன். அப்படி இருந்தால் வாசலும் முற்றமும், ஆற்றிலிருந்து ஏறி வருகிற பாதையும் கண் நிமிர்த்தாமலே ஓரத்தில் தெரிகிறது. வருகிற ஆளின் கால் முதலில் தெரியும். ஏனம் இடப்பக்கம். காலை வெயில் வலத்தோளில்.

அப்பா இப்போது ஒவ்வொரு நாளும் வாசல் வரைக்கும் வருகிறார். அம்மா செத்து இத்தனை மாதத்தில் அவர் இவ்வளவு கதைத்தது இல்லை. "உப்புத் தண்ணியில கழுவுவா." "செதிலக் கோழிக்குப் போடமாட்டா, தொண்டையில குத்துமெண்டு." இப்படித்தான், ஒரு நாளைக்கு ஒரு வசனம்.

நேற்று மேல் தட்டில் சாமான் தேடும்போது ஒரு மண்சட்டி கண்டேன். தனியாக, பேப்பர் விரித்து அதன் மேல் கவிழ்த்து வைத்திருந்தது. ஆக்கின சட்டிதான், ஆனால் மற்றதைப் போல அடி கருகவில்லை. அப்பாவிடம் காட்டினேன்.

"அது அந்தக் காத்தான்குடிப் புள்ளைக்கு வாங்கினது" என்றார். "பண்டியிறைச்சி ஆக்கின சட்டியில அந்தப் புள்ளைக்கு ஆக்கக்கூடாதெண்டு கொம்மா புதுசா வாங்கி வைச்சவ. வேற ஒண்டுக்கும் எடுக்க விடமாட்டா."

நான்கு வருடம் நீ இங்கே இறால் கறியும் சோறும் தின்றிருக்கிறாய். உனக்கு இது தெரியுமா? எனக்குத் தெரியாது. நீ வராமல் போன பிறகும் அவர் அதில் வேறொன்றும் ஆக்கவில்லை.

இவ்வளவையும் சேர்த்து நான் ஒரு படம் கீறி அப்பாவிடம் காட்டினேன். கனநேரம் பார்த்தார். "பலகை சரி. கால் சரி. ஆள் வேற" என்றார்.  இன்னும் ஏழு கிழமைதான் இருக்கிறது.

கஜா


தோஹா
20.07.2024

கஜா,

சட்டியைப் பற்றி வாசித்துவிட்டு அடுப்படி நிலத்தில் இருந்து அழுதேன். இஷாம் பயந்துபோய், "ஊர்ல ஆருக்கும் என்னவுமா?" என்று கேட்டார். "ஒரு சட்டி" என்றேன். பாவம், என்ன விளங்கியதோ தெரியாது, தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். மறுநாள் வேலையால் வரும்போது பென்சிலும் ஒரு கட்டுத் தாளும் வாங்கி வந்து மேசையில் வைத்தார். 

இனி நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டும்.

அது 2019 ஜூன். நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு கிழமை. உங்களுக்கென்று ஒரு பாத்திரத்தில் வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நீ அன்று வீட்டில் இல்லை, கல்லடியில் நின்றாய். பஸ்ஸில் ஒருத்தர் என் மடியில் என்ன என்று கேட்டார். சாப்பாடு என்றேன். திறந்து காட்டு என்றார். காட்டினேன். அதற்குப் பிறகும் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் பின்னால் போனார்கள். என்னால் அதற்கு மேல் இருக்க முடியவில்லை. இரண்டு தரிப்பிடம் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

மாமி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வேறு நாள் என்றால் நான் படியேற முதலே "வா மகள், இரி" என்பார். அன்று ஒரு சொல் இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை குனிந்தே இருந்தார். என் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அல்லது அவருக்கும் என்னைப் பார்க்கப் பயமாக்கும் என்று. இரண்டில் எது என்று இன்றைக்கும் தெரியாது. வட்டிலப்பத்தைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு நான் வரவே இல்லை.

அவ்வளவு நேரமும் நான் பார்த்துக்கொண்டு நின்றது உச்சி, பின்கழுத்து, காது, தோள். அதைத்தான் கீறினேன். என் உம்மாவுக்குப் பயந்து நான் முகத்தை எடுக்கவில்லை கஜா. உன் முகத்தை நூறு தடவை கீறியிருக்கிறேன், உம்மா ஏச ஏச. மாமியின் முகம் அன்று எனக்குத் தரப்படவில்லை.

இப்போது விடியற்காலையில் நான் நடந்து வந்தால் முருங்கை நிலத்தில் நிற்கிறது. பலகை, கால், வலத்தோளில் வெயில், எல்லாம் நீ எழுதிய இடத்தில் இருக்கிறது. நேற்று வாசலில் நின்று "மாமி" என்று கூப்பிட்டேன். கழுத்து கொஞ்சம் அசைந்தது. வெயில் வட்டங்கள் முதுகிலிருந்து வழுகித் தோளுக்கு வந்தன. அப்போது இஷாமின் அலாரம் அடித்துவிட்டது. எனக்கு அலாரத்தில் கோபம் இல்லை. நிமிர்ந்தால் என்ன முகத்தோடு நிமிர்வார் என்று பயந்துகொண்டுதான் நானும் நின்றேன்.

பென்சிலால் முதலில் ஒரு கரண்டி கீறினேன். அது கரண்டி மாதிரியே இல்லை.

இன்ஷி


பெரியகல்லாறு
03.08.2024

இன்ஷி,

இதை அன்றைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் படத்தைக் கிழித்திருக்கமாட்டேன், அந்தப் பஸ்ஸைத் தேடிப் போயிருப்பேன். நீ நடந்து வந்த வெயிலும் தெரியாமல், அதற்கு இரண்டு மாதம் கழித்து, அதே ஆளைப் பார்த்து நான் "உங்கட ஆக்கள்" என்றிருக்கிறேன். 

அம்மா அந்த வட்டிலப்பத்தை எங்கள் எல்லாருக்கும் பங்கு வைத்துத் தந்தார், அது ஞாபகம். "இன்ஷிரா வந்திட்டுப் போயிற்றா" என்று மட்டும் சொன்னார். பாத்திரத்தைக் கழுவிக் கனநாள் வாசலில் வைத்திருந்தார்.

அதையே கீறு. வெட்கமோ பயமோ, அது அம்மா. அம்மாவே தன் வாயால் அது நான்தானே என்று சொன்னார். முகம் வேண்டாம்.

இங்கே நிலைமை சரியில்லை. தம்பி சுவரில் ஆணி அடித்துவிட்டான். அந்த நீர்வீழ்ச்சிப் படம்தான் திவசத்துக்கு என்கிறான். அவனிலும் பிழை இல்லை, வருகிற ஆட்களுக்கு ஒரு படம் காட்ட வேண்டும்தானே. ஆனால் அப்பா, "அவவுக்கு முன்னால நான் வந்து இருக்கமாட்டன், அண்டைக்கு ஆத்தில நிக்கிறன்" என்கிறார். அப்பா இல்லாமல் அம்மாவுக்கு என்ன திவசம்?

மின்ஹாஜ் காக்கா எட்டாம் திகதி அங்கே வருகிறார், இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். றஸீனா என்று ஒருத்தர் இருபத்திரண்டில் அங்கிருந்து ஊருக்கு வருகிறாராம், அஸீமா ராத்தா சொன்னார். படத்தை அவரிடம் கொடுத்துவிடு. அதற்குப் பிந்தினால் வேண்டாம்.

கஜா


தோஹா
21.08.2024

கஜா,

இதோடு குழாயில் சுருட்டி இருக்கிறது. பதினாறு தாள் கெட்டது, பதினேழாவது இது. இஷாம் பார்த்துவிட்டு, "இவங்க எழும்பப் போறாங்களா?" என்று கேட்டார். இல்லை, வேலையாக இருக்கிறார் என்றேன்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, கைகள் இல்லை. எவ்வளவு கிட்டப் போனாலும் மாமியின் கை எனக்குத் தெரியவில்லை. முழங்கையோடு விட்டிருக்கிறேன். உன் கை இரண்டு மாதமாக இறாலுக்குள் கிடக்கிறதே, நீ கீறு.

மற்றது, வலக்காதுக்கு மேலே ஒரு கோடு இருக்கிறது. தலைமயிருக்குள்ளிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மெல்லிய கோடு. தச்சன் காதில் பென்சில் செருகிய மாதிரி. அது என்னவென்று எனக்குத் தெரியாது. பழைய படத்திலும் அதைக் கீறினேன், ஏன் என்று தெரியாமலே. இந்த முறை விட்டுவிடப் பார்த்தேன். விட்டால் மாமி கலைந்துபோகிறார். பெட்டகத்துக்குள் கிடக்கிற எல்லாவற்றுக்கும் பெயர் தெரிய வேண்டும் என்று இல்லையே. பிழை என்று கண்டால் நீ அழித்துவிடு.

அப்பா இதையும் தெரியாது என்று சொன்னால் எனக்கு எழுதாதே.

இன்ஷி


பெரியகல்லாறு
29.08.2024

என் இன்ஷி,

எழுதுகிறேன்.

இருபத்து மூன்றாம் திகதி பின்னேரம் றஸீனா குழாயைக் கொண்டுவந்து தந்தார். தம்பி வர முதல் பார்த்துவிட வேண்டும் என்று அடுப்படி நிலத்தில் விரித்தேன். சுருண்டுகொண்டே இருந்தது. ஒரு மூலைக்குப் பலகை, ஒரு மூலைக்கு உப்புப் போத்தல், மற்ற இரண்டுக்கும் என் முழங்கால். பார்த்தேன். பின்கழுத்தில் அந்த மூன்று மயிர் கொண்டைக்குள் அடங்காமல் நிற்கிறது. அதை எப்படி மறந்தேன்? 

ஆனால் நான் ஆசிரியைதானே, காதுக்கு மேல் அந்தக் கோடு கண்ணில் பட்டது. அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. படத்தில் கை நடுங்கிப் போட்ட கோடு மாதிரி இருந்தது. றப்பரை எடுத்து அதன் மேல் வைத்தே விட்டேன்.

"அத அழிக்காத."

அப்பா வாசலில் நின்றார். ஆற்றிலிருந்து வந்தபடி, தோளில் வலை, தண்ணீர் சொட்டுகிறது. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது.

"ஈர்க்கக் காதில வைச்சிட்டா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. என்ன ஈர்க்கு என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் விடாமல். உனக்காக உள்ளே வைத்திருந்தேன்.

"இறால்ர குடல் எடுக்கிற ஈர்க்கு. வேலையில இருக்கக்குள்ள கையிலதான் இருக்கும். ஆரும் வாசல்ல வந்து நிண்டு கதைச்சா, நிமிராம முழுக்கக் கேப்பா. கேட்டு முடிஞ்சா, ஈர்க்கக் காதில செருகுவா. மறுகா கையக் கழுவுவா. மறுகா நிமிர்ந்து, 'சோறு திண்டியா' எண்டு கேப்பா. ஆத்தில ஒண்டும் படாத நாளையில நான் இந்த வாசல்ல நிண்டு அதச் சொல்லுவன். அவ நிமிரமாட்டா. ஏசப்போறா எண்டு நினைப்பன். ஈர்க்கு காதுக்குப் போனாப் பிறகுதான் எனக்குச் சீவன் வரும். முப்பத்திமூண்டு வருசம் புள்ள."

பிறகு தொண்டையைச் செருமினார். ஆற்றிலிருந்து ஏறி வரும்போது எப்போதும் செருமுவாரே, அப்படி. படத்தைப் பார்த்து, "வந்திட்டன்" என்றார். சும்மா, ஒவ்வொரு நாளும் சொல்கிற மாதிரி. வலையைக் கம்பியில் போட்டுவிட்டு உள்ளே வந்து இருந்து, சோறு போடு என்றார்.

இன்ஷி, உனக்கு விளங்குகிறதா? அன்று அம்மா உன்னைப் பார்க்க வெட்கப்படவில்லை. பயப்படவும் இல்லை. நீ சொன்னதை முழுக்கக் கேட்டு முடித்து, ஈர்க்கைக் காதில் செருகிவிட்டார். நீ அதைப் பார்த்தாய், பார்த்ததை ஐந்து வருடம் உள்ளே பத்திரமாக வைத்திருந்தாய், அது என்னவென்று மட்டும் உனக்குத் தெரியாது. அடுத்தது கை கழுவுவது. அடுத்தது உன்னுடைய சட்டி. நீ ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் அந்த முகம் உனக்குக் கிடைத்திருக்கும்.

கைகளை நான் கீறினேன். இறால் இல்லை. வெறுங்கை, ஈரத்தோடு, செம்பை எடுக்கப் போகிறது. பார்த்துக் கீறவில்லை. ஆற்றுக்கு முதுகைக் காட்டி இருந்து கீறினேன்.

நேற்றுத் திவசம். தம்பி அடித்த ஆணியில் தம்பியே இதை மாட்டினான், முகத்தை நீட்டிக்கொண்டுதான். அப்பா படத்துக்கு நேரே பாயில் இருந்தார், கடைசிவரை எழும்பவில்லை. வந்த ஆட்களில் ஒருத்தர் குனிந்து, சரிந்து எல்லாம் பார்த்துவிட்டு, "முகத்தக் காணல்லயே" என்றார்.

"பொறுங்க" என்றார் அப்பா. "இப்ப நிமிருவா."

நீ எப்போது வருகிறாய் என்று எழுது. சந்திக்கு நானே வந்து நிற்பேன், பஸ்ஸில் தனியாக வர வேண்டாம், காத்தான்குடிக்கே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். உன் சட்டியைக் கழுவி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கவிழ்த்து வைக்கவில்லை.

கஜா